டெக்சஸில் குடும்பமும் நண்பர்களுமாகப் புறா வேட்டை: லைசென்ஸ் முதல் சட்டி வரை

டெக்சஸில் குடியிருக்கும் நம்மவர்களிடம் ஆகஸ்ட் பிறந்ததும் ஆபீஸ் நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு தடவையாவது கேட்டிருப்பார்: “செப்டம்பர் ஒண்ணாம் தேதி புறா சுடப் போறோம், வர்றியா?” மான் வேட்டை என்றால் விடியுமுன் போய் ஒரு மரப்பெட்டிக்குள் வாயைத் திறக்காமல் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். புறா வேட்டை அப்படி இல்லை. தாத்தா, மாமா, மச்சான், பேரன், வீட்டு நாய் என்று ஒரு கூட்டமே வயலோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசிச் சிரித்து, வியர்த்து வழிந்து, நடுநடுவே எழுந்து சுடுவது. புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆபத்தும் அதே கூட்டத்தால்தான் வருகிறது. குறி தவறாமல் சுடுகிற ஒருவர் கூட்டத்தில் இருப்பதைவிட, யார் எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் சுடலாம் என்று கறாராகச் சொல்லும் ஒருவர் இருப்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. அதனால் சுடுவதைவிட உட்காருவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

இவை எல்லாம் டெக்சஸுக்கு மட்டும். நம் ஊரில் மணிப்புறாவையோ தவிட்டுப்புறாவையோ சுடுவதும் கண்ணி வைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது இந்த ஆசையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதல் படி: விசாவும் லைசென்ஸும்

எச்1பி, எல்1, எஃப்1, எச்4, சுற்றுலா விசா என எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருப்பது. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. “சும்மா ஒரு தடவை பிடிச்சுப் பாரு” என்று நண்பர் பாசத்தோடு துப்பாக்கியை நீட்டுவார், அவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்காது. லைசென்ஸ் கையில் வரும் வரை தொடாதீர்கள். புது வருட லைசென்ஸை ஆகஸ்ட் நடுவிலிருந்தே விற்பார்கள், ஆனால் அது செல்லுபடியாவது செப்டம்பர் 1 முதல்தான். ஆகஸ்டிலேயே சுட்டுப் பழக நினைக்கும் விசாக்காரர் நடப்பு வருட லைசென்ஸும் வைத்திருக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடுதல்தான், வேறு வழியில்லை.

டெக்சஸில் ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தவருக்கு வேட்டை லைசென்ஸ் 25 டாலர். புறா வலசைப் பறவை என்பதால் அதற்கான ஒப்புதல் 7 டாலர் தனி. வாங்கும்போதே போன வருடம் என்ன பறவை எத்தனை சுட்டீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டு ‘ஹிப்’ என்ற பதிவைச் செய்வார்கள். கடைக்காரர் அவசரத்தில் கேட்காமல் விட்டாலும் நீங்கள் கேட்டு வாங்கிவிடுங்கள், வயலில் கேம் வார்டன் (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) அதைத்தான் பார்ப்பார். அடுத்தது வேட்டைக் கல்வி. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம், 17 வயது ஆனவர் முழுப் படிப்பையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஒரு வருடம் தள்ளிப்போட 10 டாலர் கட்டும் வழியும் உண்டு, ஆனால் படிப்பை முடித்தவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சில மணி நேரப் பாடத்தில்தான் நீங்களும் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரும் பத்திரமாக வீடு திரும்புவதற்கான விஷயங்கள் இருக்கின்றன.

தேதியும் அளவும் வருடாவருடம் மாறலாம் என்பதால் மாநில வனவிலங்குத் துறையின் அவுட்டோர் ஆன்யுவல் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக வடக்கு, மத்திய மண்டலங்கள் செப்டம்பர் 1 அன்றும் தெற்கு மண்டலம் செப்டம்பர் நடுவிலும் திறக்கும். மொத்தம் 90 நாள், அதுவும் இரண்டாகப் பிரித்து.

இரண்டாம் படி: எந்தப் புறா என்று தெரிந்துகொள்வது

சுடக் கூடியவை பெரும்பாலும் மூன்று. மோர்னிங் டவ் தான் அதிகம்: ஒல்லியான உடம்பு, கூரான நீள வால், எழும்பும்போது சிறகில் ஒரு விசில் சத்தம். வெள்ளைச் சிறகுப் புறா கொஞ்சம் பருமன், பறக்கும்போது சிறகில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். ஒரு காலத்தில் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில்தான் பெருவாரியாக இருந்தது, இப்போது சான் அன்டோனியோ நகரத் தெருக்களிலேயே கூடு கட்டிக்கொண்டு, காலையில் நகரத்துக்கு வெளியே உள்ள வயல்களுக்கு மேயப் போகிறது. இரண்டும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15. தெற்கே ஒயிட் டிப்டு டவ் என்று ஒன்றும் உண்டு, அந்த 15-க்குள் அது இரண்டுக்கு மேல் கூடாது.

மூன்றாவது நம்ம ஊர்க்காரர். கழுத்தின் பின்னால் கறுப்புப் பட்டையோடு நம் கிராமத்துக் கம்பிகளில் உட்கார்ந்திருக்குமே, கள்ளிப்புறா, அதேதான். 1970களில் பஹாமாஸ் தீவில் கூண்டிலிருந்து தப்பியவை ஃபுளோரிடாவுக்கு வந்து, அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவிவிட்டன. வந்தேறிப் பறவை என்பதால் டெக்சஸில் இதற்குக் கணக்கும் கிடையாது, சீசனும் கிடையாது. (விசா கேள்விகளுக்கு நடுவில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.) இறகைப் பிய்த்துவிட்டால் வார்டனுக்கு இது எந்தப் புறா என்று தெரியாது, 15-க்குள்ளேயே எண்ணிவிடுவார். வீடு போகும் வரை இறகோடு தனிப் பையில் வையுங்கள்.

தொடக் கூடாதவை: செதில் செதிலாகத் தெரியும் இன்கா புறா, குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் தரைப்புறா. பொழுது சாயும்போது குட்டை மேலே வளைந்து வளைந்து பறக்கும் பக்கி இனப் பறவையையும் புதியவர்கள் புறா என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்குவார்கள். அது பாதுகாக்கப்பட்ட பறவை. சந்தேகமா, விட்டுவிடுங்கள். அடுத்த கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கும்.

மூன்றாம் படி: இடம்

டெக்சஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. தெரிந்த விவசாயி இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு நாள் வாடகைக்கு விடும் டே லீஸ். அதுவும் வேண்டாம் என்றால் 48 டாலருக்கு மாநிலத்தின் வருடாந்திரப் பொது வேட்டை அனுமதி, அதில் புறாவுக்கென்றே குத்தகைக்கு எடுத்த வயல்கள் உண்டு. பணம் கட்டும் முன் ஒரு மாலையாவது போய்ப் பாருங்கள். போட்டோவில் எல்லா வயலும் அழகாகத்தான் இருக்கும்.

பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: தீனி, தண்ணீர், அடையும் மரம். புறா காலையில் வயலுக்குப் போகும், மத்தியானம் நிழலில் இருக்கும், சாயங்காலம் தண்ணீர் குடித்துவிட்டு அடையப் போகும். சூரியகாந்தி, அறுத்த சோளம், கோதுமைத் தாள், தரிசில் தானாக முளைக்கும் குரோட்டன் என்ற களைச்செடி இவையெல்லாம் பிடித்த தீனி. புறாவுக்குக் குட்டைக் கால் என்பதால் புல் மண்டிய கரையில் இறங்காது, மொட்டை மண் கரையுள்ள குட்டையில்தான் இறங்கும். பக்கத்தில் காய்ந்த மரம் ஒன்றும் மின்கம்பியும் இருந்தால் இன்னும் நல்லது. முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால் குட்டையை மறந்துவிடுங்கள், பாதையெல்லாம் தண்ணீர் நிற்கும்போது அது ஏன் அங்கே வரப்போகிறது? முதல் வாடைக் காற்று அடித்தாலும் நேற்று இருந்த கூட்டம் இன்று இருக்காது.

நில உரிமையாளரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, தானியம் ஏதாவது தூவினீர்களா என்பது. வழக்கமான விவசாயத்தில் சிந்திய தானியத்தின் மேல் சுடலாம், நின்ற பயிரை வெட்டிச் சாய்த்த இடத்திலும் சுடலாம். மூட்டை பிரித்துத் தூவியிருந்தால் அது இரை போட்ட இடம், அள்ளி எடுத்த பிறகும் 10 நாள் வரை அங்கே சுடக் கூடாது. “எனக்குத் தெரியாது” என்பது நீங்கள் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிற இடத்தில் எடுபடாது.

எல்லையையும் நடந்து பார்த்துவிடுங்கள். வேலிக்கம்பத்திலோ மரத்திலோ ஊதா பெயிண்ட் கோடு இருந்தால் ‘அத்துமீறி நுழையாதே’ என்று எழுதி வைத்ததற்குச் சமம். வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த புறாவை எடுக்கவும் அந்த நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சின்னக் குண்டுகள்) எல்லை தாண்டிப் போவதும் குற்றம்தான், அதனால் வேலியைப் பார்த்து யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

நான்காம் படி: சாமான்

12 அல்லது 20 கேஜ் (குழாயின் அகலம், எண் குறைந்தால் குழாய் பெரிது) ஷாட்கன், இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் (ரவை எவ்வளவு சிதற வேண்டும் என்பதைக் குழாய் முனையில் தீர்மானிப்பது), ஏழரை அல்லது எட்டாம் நம்பர் ரவை. இதற்கு மேல் கடைக்காரர் சொல்லும் எதுவும் முதல் வருடம் தேவையில்லை. துப்பாக்கிக்குள் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் போகக் கூடாது, பம்ப், செமி ஆட்டோ துப்பாக்கிகளில் இதற்காக பிளக் என்ற அடைப்பு ஒன்றைச் செருகியிருக்க வேண்டும். இரவல் துப்பாக்கி என்றால் அதைக் கழற்றியிருப்பார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன், துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, அதையும் சரிபாருங்கள். பொது நிலங்கள் சிலவற்றில் ஈய ரவை கூடாது, ஸ்டீல் வாங்க வேண்டும். 25 தோட்டா உள்ள பெட்டி ஒன்று போதும் என்று நினைப்பவர் ஒரு மணி நேரத்தில் கடன் கேட்க ஆரம்பிப்பார். ஒரு புறாவுக்கு ஐந்தாறு தோட்டா செலவாவது சாதாரணம், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணாடியும் காதடைப்பும் எல்லோருக்கும் வேண்டும், சுடாமல் வேடிக்கை பார்க்க வந்தவருக்கும். தூரத்தில் சுட்ட ரவை மழைத்தூறல் போல மேலே விழும், தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது, கண்ணில் பட்டால் ஆகும். அப்புறம் தண்ணீர். செப்டம்பர் முதல் வாரம் 38 டிகிரி சாதாரணம், நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு எடுங்கள், நாய் வந்தால் அதற்குத் தனியாக. ஐஸ் பெட்டி இரண்டு, குடிக்க ஒன்று, புறாவுக்கு ஒன்று. உட்காரும் முன் காலடியைப் பாருங்கள், நெருப்பெறும்புப் புற்றின் மேல் நாற்காலி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புதரில் விழுந்த புறாவைக் கையை விட்டுத் துழாவாதீர்கள், குச்சியால் விலக்குங்கள், ராட்டில் என்ற விஷப்பாம்பு நிழலுக்காக அங்கேதான் கிடக்கும். இறக்கை சுழலும் மோஜோ பொம்மைப்புறா ஒன்று வைத்தால் பலன் உண்டு, குழந்தைகளுக்கும் வேடிக்கை. ஒலிப்பதிவு வைத்துக் கூப்பிடுவது மட்டும் கூடாது.

ஐந்தாம் படி: உட்கார வைப்பது

வண்டியை விட்டு இறங்கியதும், துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும் முன்னால், எல்லோரையும் ஒரு இடத்தில் நிற்க வையுங்கள். ஒருவர் தலைவர். வயதில் பெரியவராக இருக்க வேண்டும் என்று இல்லை, பெரியப்பாவிடமும் “அந்தப் பக்கம் சுடாதீங்க” என்று சொல்லத் தயங்காதவராக இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் இதுதான் சிக்கல். மாமனாரைத் திருத்த மாப்பிள்ளைக்கு வாய் வராது. அதனால் கூட்டத்தில் உறவு இல்லாத நண்பர் ஒருவரைத் தலைவராக்குவது நல்ல யோசனை. எங்கள் கூட்டத்தில் பக்கத்து வீட்டு டெக்சஸ் பெரியவர் அந்த வேலையைச் செய்கிறார், அவர் ‘சார்’ போட்டுப் பேசுகிறபோது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

வயலின் ஒரு பக்கமாக, மரவரிசையை முதுகுக்கு வைத்து, நேர்க்கோட்டில் உட்காருங்கள். இருவருக்கு நடுவில் குறைந்தது நூறு தப்படி. எதிரெதிரே உட்காருவது, குட்டையைச் சுற்றி வளைத்து உட்காருவது இரண்டும் வேண்டவே வேண்டாம். குட்டையில் எல்லோரும் ஒரே கரையில்தான். மாலை என்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், கண் கூசும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் விசிறி போல விரியும் ஒரு பகுதி, அதற்குள் மட்டும் சுடலாம். “நான் அந்தக் காய்ந்த மரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை” என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது.

புறா வேட்டை விபத்துகளில் அதிகம் நடப்பது இதுதான்: பறக்கிற புறாவையே கண் தொடர, துப்பாக்கிக் குழாயும் கூடவே திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் வந்து நிற்கும். அதற்கு ஒரே மருந்து, புறாவுக்குக் கீழே நீல வானம் தெரிந்தால்தான் சுடுவது. மரமோ புல்லோ தரையோ தெரிந்தால் துப்பாக்கி மடியிலேயே இருக்கட்டும். தாழ்வாக ஒரு புறா வரிசையைக் கடந்தால் பார்த்தவர் “தாழ்வு!” என்று கத்த வேண்டும், எல்லோரும் துப்பாக்கியை இறக்க வேண்டும். விழுந்த புறாவை எடுக்கப் போகிறவர் கையைத் தூக்கி “போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், அவர் திரும்பி உட்காரும் வரை அந்தப் பக்கம் யாரும் சுடக் கூடாது. உடம்பெல்லாம் இலைச்சாயல் துணி போட்டு நண்பர்களிடமிருந்தே மறைந்துகொள்ளாதீர்கள், சட்டம் கேட்காவிட்டாலும் ஆரஞ்சுத் தொப்பி போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பீர் குடிப்பது, துப்பாக்கிகளையெல்லாம் காலி செய்து வண்டிக்குள் வைத்த பிறகுதான். இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

ஆறாம் படி: சுடுவது

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனம் வரை நேரம். அசையாமல் உட்காருவதுதான் பாதித் திறமை, புறாவுக்கு நிறத்தைவிட அசைவுதான் சட்டென்று தெரியும். இருபதிலிருந்து முப்பத்தைந்து கஜத்துக்குள் வரும் வரை பொறுங்கள். எழுந்து, துப்பாக்கியின் கட்டையைக் கன்னத்தில் பதித்து, வாலுக்குப் பின்னாலிருந்து குழாயை ஓட்டி, உடம்பைத் தாண்டி, அலகைத் தாண்டும்போது விசையை அழுத்தி, அழுத்திய பிறகும் குழாயை நிறுத்தாமல் ஓட்டுங்கள். தவறவிடுகிற பலரும் சுடும் நொடியில் குழாயை நிறுத்திவிடுகிறார்கள், ரவை புறாவுக்குப் பின்னால் போகிறது. கூட்டமாக வந்தால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டில் வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகினால் தோட்டாச் செலவு பாதியாகக் குறையும்.

விழுந்தால் அடுத்ததைப் பார்க்காதீர்கள். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக நடங்கள். காய்ந்த புல்லில் இந்தப் பழுப்பு நிறம் அப்படியே கரைந்துவிடும். உயிர் இருந்தால் உடனே கழுத்தைத் திருகி முடித்துவிடுங்கள், அதைச் செய்ய மனம் இல்லாதவர் சுடவே வேண்டாம் என்பேன். முதல் புறாவின் தீனிப்பையைக் கீறிப் பாருங்கள், சூரியகாந்தியா சோளமா என்று தெரிந்தால் எந்த வயலிலிருந்து வருகிறது என்று புரியும், தேவைப்பட்டால் வரிசையை நகர்த்தலாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: 17 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு லைசென்ஸ் 7 டாலர், ஹிப் பதிவும் வேண்டும். வேட்டைக் கல்வியை 9 வயதிலிருந்து முடிக்கலாம், அதை முடிக்காத பிள்ளை லைசென்ஸ் உள்ள பெரியவரின் குரல் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். பையனின் துப்பாக்கியில் ஒரு சமயத்தில் ஒரே தோட்டா. அவன் சுடும்போது நீங்கள் சுடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவன் குழாய் போகும் திசையை மட்டும் பாருங்கள். சின்னது என்பதால் .410 என்ற மெல்லிய குழாய் ஷாட்கன் வாங்கிக் கொடுப்பார்கள், அதில் ரவை குறைவு, பெரியவர்களே திணறுவார்கள். இலேசான 20 கேஜ் நல்லது. சுட விரும்பாத பிள்ளைக்குப் பைனாகுலரைக் கொடுத்து எண்ணிக்கைக் கணக்கை ஒப்படையுங்கள். எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு அந்த வேலைதான் பிடித்திருக்கிறது, சித்தப்பா சுட்டதைத் தன் கணக்கில் சேர்க்கப் பார்த்தால் அவள் விடமாட்டாள்.

ஏழாம் படி: கணக்கு

15 என்பது ஆளுக்கு. மாமா 15 முடித்துவிட்டு மச்சானின் மீதி ஐந்தையும் சுட்டுக் கொடுப்பது சட்டப்படி இல்லை. எல்லோருடைய புறாவையும் ஒரே குவியலாகப் போடுவதுதான் நண்பர் கூட்டங்கள் மாட்டிக்கொள்ளும் இடம். வார்டன் வந்து “இதில் யாருடையது எத்தனை?” என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பை, பைக்கு ஒரு பெயர். யாராவது முன்கூட்டியே கிளம்பி, தன் பங்கை நண்பருக்குக் கொடுத்துவிட்டுப் போனால், பெயர், முகவரி, எத்தனை, என்ன புறா, எந்தத் தேதியில் சுட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டும் கூடவே போக வேண்டும். மூன்று நாள் தங்கிச் சுட்டாலும் கையிருப்பு தினசரி அளவில் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது.

கடைசிப் படி: சுத்தம் செய்து சமைப்பது

சுட்டதை வெயிலில் பையிலேயே விடாதீர்கள், இந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். நெஞ்செலும்புக்குக் கீழே கட்டைவிரலை விட்டு மேலே நெம்பினால் நெஞ்சுக்கறி தனியாக வந்துவிடும், சிறகு மூட்டைக் கத்தரியால் வெட்டினால் போதும். ரவை துளைத்த இடத்தில் இறகும் உள்ளே போயிருக்கும், அதை இழுத்தால் ரவையும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள், பல் உடைவதைவிட இது மேல். தொலித்து முழுசாக வைத்தால் ருசி அதிகம் என்று எங்கள் அத்தை பிடிவாதமாகச் சொல்வார். அவர் சொல்வது சரிதான், ஆனால் தொலிக்கிற வேலையும் அவருக்கே வந்து சேரும்.

டெக்சஸ்காரர்கள் நெஞ்சுக்கறியோடு ஹாலபீனோ மிளகாயும் கிரீம் சீஸும் வைத்து பேக்கனில் சுற்றி அடுப்புக்கரியில் வாட்டுவார்கள். நல்லாத்தான் இருக்கும், ஆனால் அதில் புறாவின் ருசி எங்கே என்று தேட வேண்டும். என் வழி: உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது தடவி வைப்பது. இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை, நிறைய சின்ன வெங்காயம். வெங்காயம் சிவந்த பிறகு கறியைப் போட்டு, தீயைக் கூட்டி, சில நிமிடம் புரட்டி, இடித்த மிளகைத் தாராளமாகத் தூவி இறக்கிவிடுவது. கோழி மாதிரி மூடி வைத்து வேகவைத்தால் ஈரல் போலக் கரகரப்பாகிவிடும். குழம்புதான் வேண்டும் என்றால் முழுப் புறாவைப் போட்டு, குறைந்த தீயில் நிதானமாக வேகவிடுங்கள். எண்ணிக்கையை மட்டும் முன்னாலேயே பாருங்கள், ஒருவர் சாப்பிட மூன்று நான்கு புறாவாவது வேண்டும். பத்துப் பேரைக் கூப்பிட்டுவிட்டு எட்டுப் புறாவோடு வந்து நின்றால் கடையில் கோழி வாங்கிச் சேர்க்க வேண்டியதுதான், அந்த நாள் வரும் என்று தெரிந்துதான் நாங்கள் வேட்டைக்குக் கிளம்பும் முன்பே ஒரு கோழியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போகிறோம்.